பதுவாவில் ஒரு நாள் நடை: ஆலயங்கள், அருங்காட்சியகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெனிஸிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம் மேற்கே போனால் பதுவா. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பதுவை அந்தோனியார் வழியாக இந்த ஊர்ப் பெயர் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஓவியம் பற்றிப் படிப்பவர்களுக்கு இது இத்தாலிய ஓவியர் ஜொத்தோ ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தின் சுவர்களில் வரைந்த ஊர். இந்த இரண்டு கூட்டமும் அங்கே போவதற்கு முன் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

வெனிஸில் தங்கியிருக்கிறோம். பதுவாவை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

ஊரைப் பார்க்கலாம். ஊரில் உள்ள அத்தனையையும் பார்க்க முடியாது. பதுவாவின் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவை எட்டு இடங்களில் இருக்கின்றன. எட்டையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பினால் நாலாவது இடத்திலேயே கண் மரத்துப்போகும், அதற்கு மேல் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். காலையில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயமும் அதை ஒட்டிய எரெமித்தானி ஆலயமும், நடுப்பகலில் பழைய நீதிமன்ற மண்டபம், மதியத்துக்கு மேல் அந்தோனியார் பேராலயம். ஒரு நாளுக்கு இந்த நான்கே போதும். மற்றதெல்லாம் நேரம் கிடைத்தால்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் பதுவாவிலேயே ஓர் இரவு தங்குங்கள். அறை வாடகையும் பெரும்பாலும் வெனிஸை விடக் குறைவாகவே இருக்கும். சாயங்காலம் சதுக்கங்களில் மாணவர் கூட்டம் நிறைந்து ஊரே வேறு முகம் காட்டும்.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? நிறைய நடக்க வேண்டுமா?

வடக்கில் ரயில் நிலையம், தெற்கில் பிராத்தோ தெல்லா வாலே என்ற பெரிய திடல். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் எல்லாம் அமைந்துவிட்டது. நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஸ்க்ரோவெஞ்ஞி. அதன் பக்கத்திலேயே அருங்காட்சியகமும் எரெமித்தானி ஆலயமும் இருக்கின்றன. அங்கிருந்து பெத்ரோக்கி காபிக்கடை, பல்கலைக்கழகம், காய்கனிச் சந்தைச் சதுக்கங்கள், மறைமாவட்டப் பேராலயத்தின் திருமுழுக்கு ஆலயம், கடைசியாக அந்தோனியார் பேராலயம். இடையில் சுற்றுவதையும் சேர்த்தால் நாலு கிலோமீட்டர் வரை வரும். முடிந்ததும் டிராம் பிடித்து நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.

தெருக்களின் இருபுறமும் வளைவுகள் தாங்கும் நடைக்கூடங்கள் நீளமாகப் போகின்றன. ஜூலை வெயிலிலும் நவம்பர் மழையிலும் குடை எடுக்காமலே ஊரின் பாதியைக் கடந்துவிடலாம். தரை மட்டும் உருண்டைக் கல் பாவியது. புதுச் செருப்பு வேண்டாம்.

ஸ்க்ரோவெஞ்ஞிக்கு முன்பதிவு கட்டாயமா?

கட்டாயம். ஒரு குழுவுக்கு 25 பேர்தான், நேரம் குறித்த டிக்கெட். கோடையிலும் வார இறுதிகளிலும் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது அபூர்வம். பயணத் தேதி முடிவானதும் முதலில் இந்த டிக்கெட்டை எடுங்கள், ரயில் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறித்த நேரத்துக்கு முன்பே போய் நிற்க வேண்டும். பெரிய பைகளை வைப்பறையில் கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே போகும் முறையே தனி. முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து ஒரு படம் காட்டுவார்கள். படம் காட்டுவது நம் பொழுதைப் போக்க மட்டுமல்ல. நம் உடம்போடு வரும் ஈரமும் தூசியும் அடங்க வேண்டும், அறையின் காற்று சிற்றாலயத்தின் காற்றோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம்தான் உள்கதவு திறக்கும். உள்ளே பெரும்பாலும் பதினைந்து நிமிடம், சில பருவங்களில் கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். மணி அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டியதுதான். கெஞ்சிப் பயனில்லை, அடுத்த 25 பேர் கண்ணாடி அறையில் காத்திருப்பார்கள்.

பதினைந்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

போன உடனே செல்பேசியைத் தூக்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். வளைந்த கூரை முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். கண் அந்த நீலத்துக்குப் பழகிய பிறகு சுவர்களுக்கு இறங்கலாம்.

தெற்குச் சுவரில் மட்டும் ஆறு சன்னல்கள், வடக்குச் சுவரில் ஒன்றுமில்லை. கதை மேல் வரிசையில் தொடங்கி, சிற்றாலயத்தைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. மேலே மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள் கதை. பிறகு மாதா பிறந்து வளர்வது, இயேசுவின் பிறப்பு, போதனை, பாடுகள், உயிர்ப்பு. எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்க்க ஆசைப்பட்டால் நேரம் போய்விடும். என் யோசனை, இரண்டு முத்தங்களைத் தேடுங்கள்.

ஒன்று மேல் வரிசையில். எருசலேமின் பொன்வாசலில் சுவக்கீனும் அன்னம்மாளும் சந்திக்கிறார்கள். பிள்ளை இல்லை என்று கோயிலில் அவமானப்படுத்தப்பட்டு ஊரைவிட்டுப் போன கிழவர் திரும்பி வருகிறார். கிழவி அவர் தலையையும் தாடியையும் கையால் பிடித்துக்கொண்டு முத்தமிடுகிறாள். இரண்டு முகமும் சேர்ந்து ஒரே முகம் போலத் தெரியும். இன்னொன்று கீழ் வரிசையில், யூதாசின் முத்தம். யூதாசு தன் மஞ்சள் அங்கியால் இயேசுவை அப்படியே மூடிவிட்டான், இயேசுவின் உடம்பே தெரியவில்லை, தலை மட்டும்தான். சுற்றிலும் தடியும் ஈட்டியும் தீப்பந்தமும் வானத்தைக் கிழிக்கின்றன. நடுவில் மட்டும் ஓர் அசைவில்லை. இயேசு அவன் கண்ணுக்குள் பார்க்கிறார், கோபம் கிடையாது, பயமும் கிடையாது. 1305-க்கு முன்பு ஐரோப்பாவில் இப்படி இரண்டு மனிதர்களை எதிரெதிரே நிறுத்தி வரைந்தவர்கள் யாராவது உண்டா என்று அந்த இடத்தில் நின்றால் கேட்கத் தோன்றும்.

சில படங்களில் மாதாவின் நீல ஆடை உதிர்ந்து சாம்பல் தட்டிக் கிடப்பதைக் கவனிப்பீர்கள். ஈரமான சுண்ணப் பூச்சின் மேலேயே தீட்டிய மற்ற வண்ணங்கள் சுவரோடு சேர்ந்து இறுகிவிட்டன. நீலத்தை அப்படித் தீட்ட முடியாது. சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்துத் தனியாகப் பூச வேண்டும், ஆகவே முதலில் உதிர்வதும் அதுதான்.

மூன்று அரசர்கள் படத்தில் மாட்டுக்கொட்டிலுக்கு மேலே நெருப்பு வால் நீண்ட ஒரு விண்மீன் பறக்கும். 1301-இல் வானில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தை ஜொத்தோ பார்த்திருக்கக்கூடும் என்று பலர் கருதுகிறார்கள். 1986-இல் ஹாலியை நெருங்கிப் படம் எடுக்க ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய விண்கலத்துக்கு ஜொத்தோ என்று பெயர் வைத்தது இதனால்தான்.

இந்தச் சிற்றாலயத்தை ஒரு வட்டிக்காரர் கட்டினார் என்கிறார்களே?

வட்டிக்காரரின் மகன் என்று சொல்லலாம். ஆனால் மகனும் அதே தொழிலில்தான் இருந்தார். அப்பா ரெஜினால்தோ ஸ்க்ரோவெஞ்ஞி வட்டிக்குப் பணம் கொடுத்தே பெரும் செல்வம் சேர்த்தவர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில் கழுத்தில் பணப்பை தொங்கும் வட்டிக்காரர் கூட்டத்தைக் காட்டுகிறார். அதில் வெள்ளைப் பையின் மேல் நீலப் பெண்பன்றிச் சின்னம் போட்ட ஒருவன், தான் பதுவாக்காரன் என்று சொல்கிறான். அந்தச் சின்னம் ஸ்க்ரோவெஞ்ஞி குடும்பத்துடையது. இதற்கு மேல் பெயர் சொல்ல வேண்டிய அவசியம் தாந்தேவுக்கு இல்லை.

மகன் என்ரிகோ 1300-இல் ரோமானியர் கால அரங்கின் இடிபாடு இருந்த நிலத்தை வாங்கி, அரண்மனையும் இந்தச் சிற்றாலயமும் எழுப்பினார். 1305 மார்ச் 25 அன்று அர்ச்சிப்பு. அப்பாவின் பாவத்துக்கும் தன் பாவத்துக்கும் சேர்த்துப் பரிகாரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அடுத்த வீட்டு எரெமித்தானி துறவிகள் அப்படி நினைக்கவில்லை. இறைவனின் புகழுக்கு என்பதைவிட வீண் பெருமைக்குத்தான் இவ்வளவு ஆடம்பரம் என்று 1305 ஜனவரியிலேயே எழுதிப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே வரும் முன் வாசல் சுவரைத் திரும்பிப் பாருங்கள். சுவர் முழுக்க இறுதித்தீர்ப்பு. கீழே சிலுவைக்குப் பக்கத்தில், பரிகார நிறமான ஊதா உடையில் முழந்தாளிட்டு, சிற்றாலயத்தின் சின்ன மாதிரி உருவத்தை மாதாவிடம் நீட்டுபவர் என்ரிகோ. மாதிரியின் பாரத்தை ஒரு குருவானவர் தோளில் தாங்குகிறார். என்ரிகோ முழந்தாளிட்டிருப்பது மீட்கப்பட்டவர்கள் பக்கம், அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதே சுவரின் மறு ஓரத்தில் நரகம். அங்கே வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். இந்தச் சுவருக்கு நேர் எதிரே, பீடத்துக்கு மேலுள்ள வளைவில், யூதாசு கையில் பணப்பையை வாங்குகிறான், கரிய பேய் ஒன்று பின்னால் நின்று அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பணம் கொடுத்து வரைய வைத்தவரின் குடும்பத் தொழிலையே இரண்டு பக்கச் சுவரிலும் எழுதிவைத்திருக்கிறார் ஜொத்தோ. இதை என்ரிகோ கேட்டு வாங்கினாரா, சகித்துக்கொண்டாரா என்று யோசித்துக்கொண்டே அடுத்த இடத்துக்கு நடக்கலாம். இந்த ஊரில் கடனும் வட்டியும் இன்னும் இரண்டு இடங்களில் நமக்காகக் காத்திருக்கின்றன.

அதே டிக்கெட்டில் அருங்காட்சியகமும் உண்டாமே. போக வேண்டுமா?

பொதுவாக உண்டு, போங்கள், ஆனால் அறை அறையாக அலையாதீர்கள். மேல்மாடி ஓவியக் கூடத்தில் இரண்டுக்காக நேரம் ஒதுக்குங்கள். ஒன்று ஜொத்தோவின் மரச்சிலுவை, முன்பு சிற்றாலயத்தில் இருந்தது. மற்றது குவாரியெந்தோ வரைந்த வானதூதர் பலகைகள். கேடயமும் ஈட்டியுமாக, அணிவகுப்புக்கு நிற்கும் படைவீரர்களைப் போன்ற தூதர்கள். கீழே தொல்பொருள் பகுதியில் எகிப்திய அறை இருக்கிறது. அங்கே சிங்கமுகத் தேவதை செக்மெத்தின் கருங்கல் சிலைகளைக் காணலாம். அவற்றை 1819-இல் ஊருக்குக் கொடுத்தவர் ஜொவான்னி பத்திஸ்தா பெல்சோனி. 1778-இல் இங்கே பிறந்து, லண்டனில் பலசாலி வித்தை காட்டிப் பிழைத்து, பிறகு எகிப்து போய்ப் பார்வோன்களின் கல்லறைகளைத் திறந்த மனிதர்.

எரெமித்தானி ஆலயத்தில் பாதிச் சுவர் வெறுமையாக இருக்கிறதே, ஏன்?

1944 மார்ச் 11 அன்று நேச நாடுகளின் விமானங்கள் பதுவாவில் குண்டு போட்டன. ரயில் நிலையம் அருகில், ஜெர்மானியப் படையும் ஊருக்குள். குண்டுகள் விழுந்தது ஆலயத்தின் மேல். ஒவெத்தாரி சிற்றாலயத்தில், இருபது வயதைக்கூட எட்டாத இளைஞனாக ஓவியர் மான்தேஞா 1448-இல் தொடங்கி வரைந்த சுவரோவியங்கள் அந்த ஒரு நாளில் மண்ணாகிவிட்டன. ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம் சில நூறு அடி தள்ளி நிற்கிறது. அது தப்பியது.

இடிபாட்டிலிருந்து பொறுக்கிய துண்டுகள் 80,000-க்கும் மேல். பெரும்பாலானவை நகம் அளவு, கட்டைவிரல் அளவு. பல பத்தாண்டுகள் பெட்டிகளில் கிடந்த அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, குண்டு விழுவதற்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு கணினியில் ஒப்பிட்டு, இடம் கண்டுபிடித்து ஒட்டினார்கள். 2006-இல் அந்தச் சுவர் மறுபடி பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று நீங்கள் பார்ப்பது சாம்பல் நிறப் பழைய புகைப்படப் பரப்பு, அதன்மேல் அங்கங்கே தீவுகளாக வண்ணத் துண்டுகள். ஒரு கை, ஒரு குதிரைக் குளம்பு, ஒரு முகத்தின் கால்வாசி. கிட்டப் போய் ஒரு துண்டை மட்டும் பாருங்கள், அதன் ஓரம் உடைந்த விதம் வரை தெரியும். முழு ஓவியங்களைவிட இந்தச் சுவரின் முன்னால்தான் மக்கள் அதிக நேரம் நிற்கிறார்கள். ஓரிரு காட்சிகள் மட்டும் ஏறக்குறைய முழுசாக இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பதற்காகச் சுவரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்ததால் தப்பியவை அவை.

அனுமதி இலவசம். நடுப்பகலில் ஆலயத்தைப் பூட்டுவது உண்டு, காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பெத்ரோக்கி காபிக்கடையும் பார்க்க வேண்டிய இடமா?

காபி குடிக்க வேண்டிய இடம். 1831-இல் திறந்தது. 1916 வரை இரவு பகல் அடைக்காமல் நடந்ததால் 'கதவில்லாத காபிக்கடை' என்று பெயர். 'பெயரில்லாத புனிதர், புல்லில்லாத புல்வெளி, கதவில்லாத காபிக்கடை' என்று பதுவாக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி மூன்று விடுகதை சொல்வார்கள். புனிதர் அந்தோனியார்தான், ஊரில் அவரை வெறுமனே 'புனிதர்' என்றே சொல்கிறார்கள். புல்வெளி பிராத்தோ தெல்லா வாலே, அதில் இப்போது நிறையப் புல் இருக்கிறது.

உள்ளே வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று கூடங்கள். பச்சைக் கூடத்தில் ஒன்றும் வாங்காமல் உட்காரலாம் என்பது பழைய வழக்கம், காசில்லாத மாணவர்களுக்காக. வெள்ளைக் கூடத்தின் சுவரில் 1848 பிப்ரவரி 8 அன்று ஆஸ்திரியப் படைக்கும் மாணவர்களுக்கும் நடந்த மோதலில் பாய்ந்த குண்டின் தடம் இருக்கிறது. புதினா நுரை மிதக்கும் காபி இந்தக் கடையின் தனிச்சரக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் நிறையப் பேர்.

பல்கலைக்கழகத்துக்குள் விடுவார்களா?

வழிகாட்டியோடு மட்டும், நேரம் குறித்து. 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கே கற்பித்தார், அவர் நின்று பேசியதாகச் சொல்லப்படும் மரமேடை இன்னும் இருக்கிறது. 1678-இல் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா இங்கே தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார், உலகில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான் என்று பரவலாக ஏற்கிறார்கள். படிக்கட்டின் அடியில் அவர் சிலை நிற்கிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது 1594-இல் மரத்தால் கட்டிய உடற்கூறு அரங்கம். நீள்வட்டமாக, ஒன்றுக்குமேல் ஒன்றாக ஆறு அடுக்கு. மாணவர்கள் நின்றபடியே கீழே எட்டிப் பார்ப்பார்கள், உட்கார இடமில்லை. வருகிறவர்களை அடியில், பிணத்தைக் கிடத்திய இடத்திலிருந்து மேலே பார்க்க விடுகிறார்கள். இருபது பேர் குனிந்து நம்மைப் பார்ப்பதுபோல் ஒரு கூச்சம் வரும். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வி 1602-இல் இங்கே பட்டம் வாங்கியவர்.

பழைய நீதிமன்ற மண்டபத்தில் நாற்காலிகூட இல்லை, என்ன இருக்கிறது அங்கே?

இடமே காட்சிதான். பலாஸோ தெல்லா ராஜோனே 1218-இல் தொடங்கியது. மேல்மாடியில் நடுவில் ஒரு தூண்கூட இல்லாத ஒற்றை மண்டபம், நீளம் 80 மீட்டருக்கும் மேல், அகலம் 27. கவிழ்த்துப் போட்ட கப்பலின் அடிப்பாகம் போன்ற மரக்கூரையை 1306-இல் போட்டவர் எரெமித்தானி துறவி ஒருவர். புகார் கொடுத்த அதே மடம்தான். ஜொத்தோவின் ஓவியங்களும் இங்கே இருந்தன. 1420-இல் தீப்பிடித்து எல்லாம் போயின. இப்போது சுவரைச் சுற்றி இருப்பவை அதற்குப் பிறகு வரைந்த சோதிடக் கட்டங்கள். மாதம், ராசி, கோள், அந்தக் கோளின் கீழ்ப் பிறந்தவன் என்ன தொழில் செய்வான் என்று நூற்றுக்கணக்கில். மண்டபத்தின் ஓரத்தில் 1466-இல் ஒரு விழாவுக்காகச் செய்த பிரம்மாண்ட மரக்குதிரை.

மூலையில் கறுப்பாக ஒரு கல் பீடம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். அவமானக் கல். கடனைக் கட்ட முடியாதவன் நூறு பேருக்குக் குறையாமல் கூடியிருக்க, உள்ளாடையோடு மூன்று தடவை இந்தக் கல்லில் உட்கார்ந்து எழ வேண்டும், ஒவ்வொரு தடவையும் 'என் சொத்தைக் கைவிடுகிறேன்' என்று லத்தீனில் சொல்ல வேண்டும். பிறகு ஊரைவிட்டுப் போக வேண்டும். கடன் கொடுத்தவர்கள் சம்மதமில்லாமல் திரும்பி வந்தால் மறுபடியும் அதே சடங்கு, கூடவே தலையில் மூன்று வாளித் தண்ணீர்.

கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதற்கு முன் இருந்தது காலவரையில்லாத சிறை. சொத்தைக் கொடுத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1231 மார்ச்சில் ஊரின் சட்டம் மாறியது. அந்தச் சட்ட வாசகமே, இது சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளால் ஆனது என்று சொல்கிறது. அந்தத் தவக்காலம் முழுக்க அவர் பதுவாவில் தினமும் பிரசங்கம் செய்தார், வட்டிக்காரர்களை விட்டு வைக்கவில்லை. மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

திருமுழுக்கு ஆலயம் கட்டாயமா?

எனக்கு ஸ்க்ரோவெஞ்ஞிக்கு அடுத்தபடி இதுதான். 1370-களில் ஊரை ஆண்ட கர்ராரா குடும்பத்தின் ஃபீனா புஸ்ஸக்கரீனி பணம் கொடுத்து, ஜூஸ்தோ தெ மெனபுவோய் வரைந்தது. குவிமாடத்தின் நடுவில் கிறிஸ்து, அவரைச் சுற்றி வளையம் வளையமாகப் புனிதர்கள், ஒவ்வொரு தலைக்கும் பொன்வட்டம். கூட்டத்தில் யாரும் யாரையும் மறைப்பதில்லை. அண்மையில் நடந்த பெரிய பராமரிப்புக்குப் பிறகு வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. இதற்கும் நேரம் குறித்த டிக்கெட்தான். பக்கத்திலுள்ள பெரிய ஆலயம் சுமார்தான், எட்டிப் பார்த்தால் போதும்.

நாங்கள் அந்தோனியார் பக்தர்கள். பேராலயத்தில் என்னவெல்லாம் செய்யலாம்?

முதலில் கல்லறை. ஆலயத்தின் இடது கையில் வெள்ளைச் சலவைக்கல் சிற்றாலயம், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பீடத்தின் பின்புறம் போனால் கல்லறையின் கல்லில் கை வைத்து வேண்டிக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கும் ஏதாவது பெரிய வேண்டுதல் இருக்கும். சுற்றிலும் படங்கள், நன்றிக் கடிதங்கள், குழந்தைகளின் புகைப்படங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தோனியார் கோயில்களுக்குச் செவ்வாய்க்கிழமை போகும் வழக்கம் பலருக்கு உண்டு. அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள் செவ்வாய் என்பதிலிருந்து வந்தது அது.

அப்புறம் பீடத்துக்குப் பின்னால் திருப்பண்டச் சிற்றாலயம். அந்தோனியார் லிஸ்பனில் பிறந்தவர், 1231 ஜூன் 13-இல் பதுவாவுக்கு வெளியே ஆர்செல்லாவில் இறந்தார். ஓராண்டுகூட ஆகாமல் 1232 மே 30-இல் புனிதர் பட்டம். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தது, நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததைப் புனித பொனவெந்தூரா எடுத்துக் காட்டினார் என்பது மரபு. அந்த நாக்குதான் இங்கே பொன் கலத்தில் இருக்கிறது. தாடை எலும்பும் இருக்கிறது. 1991-இல் துப்பாக்கியோடு வந்த கும்பல் ஒன்று தாடையைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு மீட்டார்கள்.

பக்தியோடு கலையும் பார்க்க விரும்பினால், கல்லறைச் சிற்றாலயத்தின் சுவரில் உள்ள ஒன்பது சலவைக்கல் புடைப்புச் சிற்பங்களில் 'கஞ்சனின் இதயம்' என்பதைத் தேடுங்கள். 1525-இல் துல்லியோ லொம்பார்தோ செதுக்கியது. செத்துப்போன வட்டிக்காரனின் அடக்கத்தில் அந்தோனியார் பிரசங்கம் செய்கிறார்: உன் செல்வம் எங்கேயோ அங்கேயே உன் இதயம். பிணத்தைக் கிழித்துப் பார்க்கிறார்கள், இதயம் இல்லை. பணப்பெட்டியைத் திறந்தால் அதற்குள் கிடக்கிறது. இதே அற்புதத்தை நூறாண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பே வெண்கலத்தில் வார்த்தவர் சிற்பி தொனாத்தெல்லோ. 1446 முதல் 1450 வரை அவர் செய்த நடுப்பீடத்தில் அது இருக்கிறது. பீடத்தைத் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். சிற்பங்களை இன்றைய வரிசையில் நிறுத்தியவர் 1895-இல் கமில்லோ பொய்த்தோ, தொனாத்தெல்லோவின் அமைப்பு அல்ல.

நுழைவு இலவசம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பகல் முழுக்கத் திறந்திருக்கும், அதனால்தான் மதியத்துக்கு வைக்கச் சொன்னேன். ஜூன் 13 திருநாளன்று ஊரே பவனியில் இருக்கும். ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களும் திருயாத்திரையாக வருவார்கள். பக்திக்குப் போகிறவர்கள் அன்றைக்குப் போங்கள், ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தையே தவிருங்கள்.

வெளியே வந்ததும் குதிரைமேல் வெண்கலத்தில் இருப்பவர் கூலிப்படைத் தளபதி கத்தமெலாத்தா. அதுவும் தொனாத்தெல்லோ.

பக்கத்திலேயே இரண்டு சின்னக் கட்டடங்களுக்கு டிக்கெட் கேட்கிறார்களே?

புனித ஜார்ஜ் செபக்கூடமும் அந்தோனியார் சபைக் கூடமும். முதலாவதில் 1380-களை ஒட்டி அல்திகியெரோ சுவர் முழுக்க வரைந்தவை இருக்கின்றன, கூட்டமில்லாமல் நின்று பார்க்கலாம். இரண்டாவதில் 1511-இல் இளம் தித்சியானோ வரைந்த மூன்று படங்கள். ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் முதலாவது.

உடைக் கட்டுப்பாடு உண்டா?

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் எங்கும் பிரச்சினை இல்லை. சேலை, சுடிதார், வேட்டி எதுவும் சரி. ஒரு மெல்லிய துப்பட்டா கையில் இருந்தால் கோடையில் உதவும்.

எந்தக் கிழமை போகக் கூடாது?

திங்கள். ஸ்க்ரோவெஞ்ஞி வழக்கமாகத் திறந்திருக்கும், ஆனால் அருங்காட்சியகமும் ராஜோனே மண்டபமும் விடுமுறை. ஞாயிறு காலையில் ஆலயங்களில் பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை நிம்மதி. பல இடங்கள் பார்ப்பதாக இருந்தால் சுவரோவிய இடங்களுக்கு ஒரே அட்டையாக 'உர்ப்ஸ் பிக்தா' கிடைக்கிறது. அதை வாங்கினாலும் ஸ்க்ரோவெஞ்ஞிக்கு நேரம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

மதியச் சாப்பாடு?

ராஜோனே மண்டபத்தின் அடித்தளமே சந்தை. பாலாடைக்கட்டி, ரொட்டி, இறைச்சிக் கடைகள் காலங்காலமாக அங்கே நடக்கின்றன. இருபுறமும் காய்கறிச் சதுக்கமும் பழச் சதுக்கமும். முக்கோண ரொட்டி ஒன்றும் பழமும் வாங்கினால் சைவர்களுக்கு ஒரு வேளை முடிந்துவிடும். 'பிகொலி' என்ற தடித்த நூடுல்ஸ் இந்தப் பக்கத்து உணவு. வாத்துக்கறிக் குழம்போடோ நெத்திலியோடோ வரும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 'ஸ்ஃபிலாச்சி' என்று நூல்நூலாக மேலே தூவியிருந்தால் அது குதிரை இறைச்சி, வெனெதோ வட்டாரத்தில் சாதாரணம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

வயதான பெற்றோரும் குழந்தைகளும் வருகிறார்கள். சமாளிக்க முடியுமா?

பெற்றோரை ஸ்க்ரோவெஞ்ஞியும் அந்தோனியாரும் மட்டும் பார்க்க வையுங்கள், நடுவில் டிராம். குழந்தைகளுக்கு மரக்குதிரை பிடிக்கும், எகிப்திய அறை பிடிக்கும். நரகப் படத்தைப் பற்றி இரவில் கேள்வி கேட்பார்கள். ஸ்க்ரோவெஞ்ஞியின் கால் மணி நேரத்தில் குழந்தை அழுதால் ஒருவர் வெளியே போக வேண்டியிருக்கும், திரும்ப உள்ளே வர முடியாது.

ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பேராலயத்தின் பின்புறம் தாவரவியல் தோட்டம், 1545-இல் மருத்துவ மாணவர்களுக்காகப் போட்டது, அதே இடத்தில் இன்றும். 1585-இல் நட்ட பனைவகைக் குட்டை மரம் ஒன்றைக் கண்ணாடிக் கூண்டு கட்டிக் காக்கிறார்கள். ஜெர்மன் கவிஞர் கெதே 1786-இல் இதைப் பார்த்துச் செடிகளின் உருமாற்றம் பற்றி யோசிக்கத் தொடங்கினார். புதிய கண்ணாடிக் கூடங்களில் வெப்பமண்டலச் செடிகள் இருக்கின்றன, நம் கொல்லையில் கேட்பாரில்லாமல் வளர்பவற்றுக்குப் பெயர்ப்பலகையோடு. நமக்கு அது அவசியமில்லை.

தோட்டத்தைவிடச் சாந்தா ஜுஸ்தீனா ஆலயம் எனக்குப் பிடிக்கும். பிராத்தோ தெல்லா வாலேயின் ஓரத்தில், முகப்பு பூசாத செங்கலாகவே நிற்கும் பேராலயம். நற்செய்தியாளர் லூக்காவின் உடல் என்று காலங்காலமாக வணங்கப்படும் எலும்புகள் அங்கே உள்ளன. 2001-இல் வெளியான மரபணு ஆய்வு, அது சிரியப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதோடு முரண்படவில்லை. லூக்கா சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்தவர் என்பது மரபு. பல்கலைக்கழகப் படிக்கட்டில் சிலையாகப் பார்த்த எலேனா கொர்னாரோவின் அடக்கமும் இங்கேதான். மதியத்தில் பூட்டி, பிற்பகலில்தான் மறுபடி திறப்பார்கள்.

வெளியே திடலைச் சுற்றி ஓடும் கால்வாயின் கரையில் 78 சிலைகள். டிராம் நிறுத்தம் எதிரிலேயே. டிக்கெட்டை ஏறும் முன் வாங்கி, உள்ளே போனதும் பதிந்துகொள்ளுங்கள், பதியாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.